சகல வசதிகளும் ஒரே மணல்திட்டில்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், பேஸ்பால் மைதானத்தின் வாசலிலேயே போஜனசாலை, ஹோட்டல், குடியிருப்பு யாவையும் ஒருங்கே அமைத்து, மாடியிலிருந்தே ஆட்டத்தைத் தரிசிக்கவும் வகை செய்திருக்கிறார்கள் என்று மூக்கின்மேல் விரல் வைக்கும் அன்பர்கள், சென்னைக்கு வடக்கே கடலோரத்திலுள்ள காட்டுப்பள்ளிக்கு ஒருமுறை விஜயம் செய்தல் நலம். கப்பல் கட்டும் தளம், துறைமுகம், தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் வடிக்கும் ஆலை, அக்கம்பக்கத்து அனல் மின் நிலையங்கள், நடுநடுவே மீனவர் குப்பங்கள் (பிந்தியவற்றை எந்த விளம்பரப் படத்திலும் காணோம்) என்று, சகல உபயோகங்களும் இங்கே எப்போதோ சங்கமித்துவிட்டன. அதுவும் போதாமல், 330 ஏக்கர் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விஸ்தரிக்கவும், அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கரைக் கடலைத் தூர்த்தே சம்பாதிக்கவும் திட்டம் தீட்டப்பட்டது. அங்கே பந்துதான் எல்லையைத் தாண்டும். இங்கே எல்லையே சமுத்திரத்தில் இறங்கி நடக்கிறது. வேடிக்கை பார்க்க மீனவருக்குக் கட்டணமில்லை.