நரகம் பக்கத்தில் இருந்த காலம்

எங்கள் சிறுவயதில் தூத்துக்குடிக்கு மிக அருகில் இருந்த ஊர் நரகம்தான். திருச்செந்தூர் போகப் பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும். நரகத்துக்கோ ஒரு ஞாயிறு பூசையைக் கட் அடித்தாலோ, வெள்ளிக்கிழமை எவர் வீட்டிலாவது ஒரு துண்டு கோழிக்கறியை வாயில் போட்டாலோ போதும், அன்றிரவே செத்தால் நேரே போய்ச் சேரலாம் என்று உபதேசியார் ஞானோபதேச வகுப்பில் பிரம்பும் கையுமாக உத்தரவாதம் தந்திருந்தார். மீனுக்குத் தடையில்லை என்பதால், வெள்ளிதோறும் சீலாமீன் குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, சுத்தபோசனம் அனுசரித்த திருப்தியில் ஏப்பம் விட்டோம். கடற்கரைக்காரனுக்கு இது தவமா, விருந்தா என்று ரோமையில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 1966-ல் ஆறாம் பவுல் பாப்பரசர் அந்த விதியைத் தளர்த்த வழிவிட்டார். இப்போது எந்தக் கிழமையிலும் பிரியாணி கிடைக்கிறது. ஆனால் அந்தக் குழம்பின் ருசியில் பாதி, கறி தின்னாமல் தப்பித்தோம் என்ற நிம்மதியின் ருசி அல்லவா?

சனிக்கிழமை சாயங்காலம் பனிமய மாதா கோவிலில் பாவசங்கீர்த்தன வரிசை நிற்கும். பத்து வயதுப் பையனிடம் வாராவாரம் புதிதாகப் பாவம் எங்கே இருக்கும்? வரிசையிலேயே கடன் வாங்குவோம். "ஏலே, நீ போன வாரம் சொன்ன பொய்யை எனக்குக் குடுல, நான் மாங்காய் திருடினதைத் தாரேன்" என்று பண்டமாற்று நடக்கும். முழங்காலிட்டுக் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் கிசுகிசுத்து, மூன்று அருள்நிறைந்த மந்திரத்தோடு மீண்டு வெளியே வந்தால், கடற்காற்று முகத்தில் அடிக்கும்போது இந்த நிமிஷம் செத்தால் மோட்சம்தான் என்ற லேசான மிதப்பு. அந்த மிதப்பு அடுத்த மாங்காய் மரம் வரை நீடிக்கும்.

எங்கள் கரையில் இது நேற்று வந்த பழக்கமல்ல. 1580-லேயே அண்டிரிக் அடிகளார் பாவசங்கீர்த்தனத்துக்கென்று ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கொச்சியில் அச்சிட்டார். தமிழில் அச்சேறிய முதல் நூல்களில் ஒன்று, நாங்கள் என்னென்ன பாவம் செய்யக்கூடும் என்பதைப் பற்றியது! அதற்கும் முன்னால், 1530களில் பரதவர்கள் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றதற்கு ஆன்மாவின் கவலை மட்டும் காரணமில்லை, முத்துச் சலாபத்தைப் போட்டியாளரிடமிருந்து காக்கப் போர்த்துக்கீசியர் துணை தேவைப்பட்டது என்கிறது சரித்திரம். உபதேசியார் இதைச் சொன்னதில்லை. 1542-ல் சவேரியார் வந்து கையில் மணியாட்டிப் பிள்ளைகளைத் திரட்டி மந்திரம் சொல்லிக்கொடுத்ததிலிருந்துதான் உபதேசியாருடைய சரித்திரம் தொடங்கும்.

அந்தச் சவேரியார் கதை தலைக்கேறித்தான், என்னோடு கோலி விளையாடும் முருகேசன் அஞ்ஞானியாகவே செத்து வேகப்போகிறானே என்று தூக்கமில்லாமல் தவித்து, ஒருநாள் குழாயடிக்கு அவனைக் கூட்டிப்போய், ஆபத்துக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்ற பாடத்தை நம்பி, ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றி அவனைச் சவேரிமுத்து ஆக்கினேன். தலையைக் காட்ட அவன் கேட்ட கூலி இரண்டு கமர்கட்டு. 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், சுவிசேஷத்தைத் தன் குற்றமின்றி அறியாமல் மனச்சாட்சிப்படி நேர்மையாக வாழ்பவனும் மீட்படையலாம் என்று அறிவித்துவிட்டது. கமர்கட்டு தண்டம். முருகேசன் ஆகஸ்ட் 5-ல் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றுகிறான், சஷ்டிக்குச் செந்தூரில் விரதம் இருக்கிறான், "அந்தச் செம்புத் தண்ணி இன்னும் செல்லுமாடே?" என்று கேட்டுச் சிரிக்கிறான்.

பதிதர்கள் என்று நாங்கள் முகம் சுளித்த லுத்தரன்களோடு, மீட்பு விசுவாசத்தாலா நற்செயலாலா என்ற பழைய வழக்கில் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் ஓர் உடன்பாடே கையெழுத்தானது. சபாஷ் என்று நிமிர்ந்தால், எங்கள் தெருக் கோடியில் தகரக் கூரை ஜெபவீடு முளைத்திருக்கிறது. "ஐயா, நீங்க இரட்சிக்கப்பட்டுட்டீங்களா?" என்று அங்கிருந்து வந்த தம்பி பணிவாகக் கேட்டார். ஜெபமாலையைப் பார்த்ததும் அவர் முகத்தில் கண்ட இரக்கம், முருகேசனைப் பார்த்து அன்று எனக்கு வந்த அதே இரக்கம். காபி கொடுத்து அனுப்பினேன்.

கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே அந்தக் காலத்தில் ஒரு முள்காடு இருந்தது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களும், தூக்கு மாட்டிக்கொண்டவர்களும் அங்கேதான். மணி அடிக்காது, சாமியார் வரமாட்டார். தாய்மார் மட்டும் பொழுது சாய்ந்த பிறகு மெழுகுதிரியோடு போவார்கள். தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்த விதி 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இல்லை. அந்தச் சிசுக்களும் மீட்படைவர் என நம்ப இடமுண்டு என்று 2007-ல் ரோமையின் இறையியல் குழு எழுதியது. அதற்குள் எங்கள் தோட்டத்தில் இடம் போதாமல் சுவரை இடித்து முள்காட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்று விசைப்படகு முதலாளிகள் முன்பணம் கட்டிக் கேட்கிற இடம் அது. வேதசாஸ்திரிகள் தயங்கித் தயங்கித் தந்த மன்னிப்பை, நிலத் தட்டுப்பாடு முந்திக்கொண்டு கொடுத்துவிட்டது.