நெஞ்சு ஆப்பரேஷன்

கேமரன் மலையில் ஆண்பிள்ளை நடுப்பகலில் ஸ்வெட்டர் போட்டு நின்றாலும் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். 1885இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனையும், 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜே.ஏ. ரஸ்ஸல் துரையையும் ஊர் எதற்காகவோ நினைத்துக்கொள்ளட்டும். நான் குளிருக்காக நினைக்கிறேன். ஈப்போவில் பிறந்திருந்தால் பள்ளிக்கூட நாளிலேயே என் குட்டு உடைந்திருக்கும். 5,000 அடி உயரத்தில், ராத்திரி 15 டிகிரிக்கு இறங்குகிற பிரிஞ்சாங் பக்கத்தில் பிறந்ததால், கம்பளிக்குள்ளேயே காலத்தை ஓட்டிவிட்டேன்.

விஷயம் இதுதான்: எனக்கு மார்பு கொஞ்சம் தாராளம். வயதுக்கு வரும் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஹார்மோன் குளறுபடியால் இப்படி வீங்குமாம். ஓரிரு வருஷத்தில் தானாக வற்றிவிடுமாம். என்னுடையது வற்றுவதாக இல்லை. பி.ஆர். வாங்கி உட்கார்ந்துவிட்டது. குனோங் பிரிஞ்சாங் உச்சிவரை மூச்சிரைக்க நடந்து பார்த்தேன். தொப்பை கரைந்தது, மார்பு மசியவில்லை. வெறும் கொழுப்பு நடைக்குக் கரையும். சுரப்பித் திசு கரையாது.

ஈப்போ டாக்டர் ரத்தம், கல்லீரல், தைராய்டு எல்லாம் பார்த்தார். சில ரத்த அழுத்த மாத்திரை, வயிற்றுப்புண் மாத்திரைகூட இந்த வேலையைச் செய்யுமாம். “முடி கொட்டாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டு, என் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தக் கேள்வியை அவரே அடித்துவிட்டார். “வெட்கப்பட ஒன்றுமில்லை, ஏழாம் நூற்றாண்டிலேயே ஏஜினாவின் பவுல் என்ற கிரேக்க வைத்தியர் இதற்கு ஆப்பரேஷன் முறை எழுதிவைத்திருக்கிறார்” என்று தேற்றினார். மயக்கமருந்து வர இன்னும் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் இருந்த காலம் அது. அந்த நோயாளிகளை நினைத்து எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆப்பரேஷனைப் பற்றிச் சொல்ல எனக்கு அருகதையில்லை, தூங்கிவிட்டேன். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்விளிம்பில் பிறை போல ஒரு வெட்டு. அதன் வழியே சுரப்பியை எடுத்து, சுற்றியிருந்த கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சிவிட்டார்கள். கண் விழித்தபோது இரண்டு பக்கமும் ரத்தநீர் வடியக் குழாய், மேலே மூச்சுமுட்ட ஓர் இறுக்கச் சட்டை. அதை வாரக்கணக்கில் இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும், கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது, மல்லாந்துதான் படுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சிம்பாங் பூலாய் வழியாக வீடு திரும்பினோம். சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் தலையணை. மச்சான் வண்டியை ஒவ்வொரு வளைவில் திருப்பும்போதும் தலையணை ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன், என் உயிர் மூன்றாவது பக்கம் போகும். கீ ஃபார்மில் சனிக்கிழமை நெரிசல். ஸ்ட்ராபெர்ரி வாங்க வந்த கோலாலம்பூர்க்காரர்கள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்க, நான் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் என்னை அன்பானவன் என்று நினைத்திருப்பார்கள்.

தோட்டத்து ஆபீசில் நான் கிராணி. லீவுத் தாளில் ‘நெஞ்சில் ஆப்பரேஷன்’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. நான் வீட்டுக்கு வந்துசேர்வதற்குள் லயம் முழுக்க அது ஹார்ட் ஆப்பரேஷன் ஆகியிருந்தது. நானும் மறுக்கவில்லை. ஆம்பளைக்கு நெஞ்சில் எந்த நோயும் வரலாம், இந்த ஒன்றைத் தவிர. ஹார்ட் என்றால் மரியாதை, ஹார்லிக்ஸ் வரும். உண்மையைச் சொன்னால் பட்டப்பெயர்தான் வரும்.

ஹார்லிக்ஸ் வந்தது. மைலோ டின்கள் வந்தன. பக்கத்து வீட்டு மக்சிக், வெட்டுக்காயம் சீக்கிரம் ஆறும் என்று ஹாருவான் மீன் சூப் கொண்டுவந்தார். நம் விரால்தான், ஆப்பரேஷன் ஆனவன் அதைக் குடிக்காவிட்டால் இந்த நாட்டில் காயம் ஆறியதாகவே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். கொழுந்து எடுக்கிற அக்கா ஒருத்தர் தெம்புக்கென்று தூக்கு நிறையச் சுறாப்புட்டு கொண்டுவந்து வைத்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுக்கிற பதார்த்தம். என் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சமையற்கட்டுக்குள் ஓடினாள். எனக்குச் சிரிக்கவும் வழியில்லை. சிரித்தால் தையல் இழுக்கும்.

பெரிய தொல்லை அந்தச் சட்டைதான். மாற்றிப் போட இரண்டு கொடுத்திருந்தார்கள். கேமரன் மலை மூடுபனியில் எந்தத் துணி ஒரே நாளில் காய்ந்திருக்கிறது? முன்பக்கம் கொக்கி வரிசை, தோளில் பட்டை என்று அது கொடியில் தொங்க, எதிர்வீட்டம்மா என் மனைவியிடம், “இந்த பாடி எங்க வாங்குனே? நல்லா கெட்டியா இருக்கே” என்று விசாரித்தார். அன்றிலிருந்து ஐஸ்பெட்டிக்குப் பின்னால், மோட்டார் சூட்டில் காயப்போட்டோம்.

முதன்முதலாகக் கட்டுப் பிரித்துக் கண்ணாடி பார்த்தபோது, ஊதாவும் மஞ்சளுமாக வீங்கிக் கிடந்தது. காம்பில் உணர்ச்சியே இல்லை. இதற்கா இவ்வளவு வெள்ளி என்று வயிறு எரிந்தது. அழகுக்குச் செய்துகொண்டது என்று இன்ஷூரன்ஸ் வேறு கைவிரித்துவிட்டது. வீக்கம் முழுசாக வடிய மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். கவாத்து வெட்டிய செடியும் முதலில் செத்துப்போன மாதிரிதான் நிற்கும். தேயிலைத் தோட்டத்துக்காரனுக்கு இதைச் சொல்லித்தர ஈப்போவிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. காத்திருந்தேன்.

தைப்பூசம் வந்தது. அதற்குள் சட்டையும் கழன்றது, கையைத் தூக்கவும் அனுமதி கிடைத்தது. பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலுக்குப் பால்குடம் எடுத்தேன். மஞ்சள் வேட்டி, வெற்று மார்பு. ஊர் நடுவில் இப்படி நின்றது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. குளிர் நேராக நெஞ்சில் அடித்தது, நல்ல சுகம். எல்லார் கண்ணும் என் மார்பின் மேலேதான். தட்டையாக இருப்பதைப் பார்க்க இல்லை, ஹார்ட் ஆப்பரேஷன் தழும்பைத் தேடி.

தண்டல் மாமா கிட்டே வந்தார். பைபாஸ் செய்துகொண்டவர், தொண்டைக்குழியிலிருந்து தொப்பைவரை நேர்கோடாகத் தழும்பு. என் நெஞ்சைத் தடவிப் பார்த்தார், தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

“எனக்கு எலும்பையே அறுத்தானுங்க. கால்ல இருந்து நரம்ப எடுத்தானுங்க. ஒனக்கு எந்த வழியா போனான்?”

“இப்பல்லாம் நவீன முறை மாமா.”

“அதானே, எனக்கு அரசாங்கச் செலவு. நீ காசு கொடுத்தே, தழும்பு தெரியாம தச்சிட்டான்.”

ஒரே வாரத்தில், காம்பு வழியாக ஹார்ட் ஆப்பரேஷன் செய்கிற ஈப்போ டாக்டர் பேர் தோட்டமெல்லாம் பரவிவிட்டது. நிஜமாகவே நெஞ்சுவலிக்காரர் ஒருத்தர், கிளினிக்கில் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு அவரிடமே போகப்போவதாக என்னிடம் நம்பர் கேட்டு வந்தார். இனி மானம் பார்த்தால் உயிர்ப்பழி. அவரையும் தண்டல் மாமாவையும் உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன்.

நெஞ்சுவலிக்காரர் பேசாமல் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தண்டல் மாமா வெகுநேரம் என்னையே பார்த்தார்.

“இதுக்காடா நான் ஒன் உயிருக்கு முருகன்கிட்ட 51 தேங்காய் ஒடைச்சேன்? காச எடு.”

எடுத்துக் கொடுத்தேன். இன்ஷூரன்ஸ் தராத செலவில் அதுவும் சேர்ந்துவிட்டது.