இரட்டைக் கோடு போட்ட புத்திசாலி

எனக்கு யாரையும் நம்பிப் பணம் கொடுத்துவிடப் பிடிக்காது. எங்கள் ஊர் பொட்டிபுரத்தில் இதை ஒரு வியாதியாகத்தான் பார்க்கிறார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் தினமும் போடிமெட்டு ஏறுகின்றன. கூலி பாக்கி, மொய்ப் பணம், மருந்துச் சீட்டு எல்லாம் டிரைவர் சட்டைப்பையில் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி, காசு குறையாமல் போய்ச் சேரும். நான் மட்டும் தபாலாபீசுக்கு நடப்பேன்.

பூப்பாறைப் பக்கம் ஒரு பெரியவருக்கு ஏல நாற்றுக்காக 200 ரூபாய் முன்பணம் அனுப்ப வேண்டியிருந்தது. அப்போது மணியார்டர் என்றால் 20 ரூபாய்க்கு 1 ரூபாய் கமிஷன். தபால்காரர் வீட்டுக்கே போய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார். கையெழுத்திட்ட சீட்டு நமக்குத் திரும்பி வரும். 1880-லிருந்து நாடே நம்பிய ஏற்பாடு. நாடு நம்பினால் போதுமா? அதே பெயரில் வேறு ஒருவர் கைநாட்டு வைத்துவிட்டால்? ஆகவே 100 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இரண்டு வாங்கினேன். கமிஷன் இரட்டிப்பு, 20 ரூபாய். சும்மா அனுப்பினால் கையில் கிடைத்தவன் மாற்றிக்கொள்வான் என்று, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு கிழித்து, ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்தேன்.

பெரியவர் போன் செய்தார். "தம்பி, ரெண்டு சீட்டு வந்துருக்கு. தபாலாபீசுல நீட்டுனா, கோடு போட்டிருக்கு, பேங்குக்குப் போங்கன்றாக. எனக்கு எந்த பேங்குல கணக்கு இருக்கு?"

திருடனிடமிருந்து காப்பாற்றிய பணத்தை உரியவரிடமிருந்தும் காப்பாற்றியிருக்கிறேன். கடைசியில் வேறு 200 ரூபாய் ஜீப்பில் ஏறி, மத்தியானத்துக்குள் அவர் கைக்குப் போனது. டிரைவர் கமிஷன் கேட்கவில்லை.

இதோடு திருந்தியிருக்கலாம். 2015 ஜனவரியில் எங்கள் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 1,500 கோடி ரூபாய்த் திட்டம். உள்ளே 50,000 டன் இரும்பு வைக்கப் போவதாகச் சொன்னார்கள். ஊரில் ஆளாளுக்குக் கேள்வி. நானும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினேன். கேள்விகள், என் கருத்தில், பிரமாதம். கட்டணம் 10 ரூபாய்தான்.

புது நோட்டு ஒன்றை மனுவோடு பின் அடித்து அனுப்பினேன். ரூபாய் நோட்டைத் தபாலில் வைப்பதானால் இன்சூர் செய்ய வேண்டும், மனுக் கட்டணமும் நோட்டாகத் தபாலில் போகக்கூடாது என்பதெல்லாம் மனு திரும்பி வந்த பிறகு தெரிந்தது. அடுத்து கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினேன். தமிழ்நாட்டு அரசு அலுவலகத்துக்கு அது செல்லும்; நான் எழுதியதோ மத்திய அரசு அலுவலகத்துக்கு. மறுபடி போஸ்டல் ஆர்டர். இந்த முறை கோடு போடுவதில் கவனமாக இருந்ததில், பெறுபவர் பெயர் எழுதும் இடத்தில் என் பெயரையே எழுதிவிட்டேன்.

கவுண்டரில் இருந்த அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "உங்களுக்கு நீங்களே பத்து ரூபா அனுப்பிக்கிறீங்களா சார்?"

அப்புறம் அவரே சொல்லிக்கொடுத்தார்: பெறுபவர் இடத்தில் 'கணக்கு அதிகாரி' என்று எழுதி, கீழே அலுவலகத்தின் பெயர், கோடு இங்கே தாராளமாகப் போடலாம், அரசாங்கத்துக்கு பேங்கில் கணக்கு உண்டு, அடிக்கட்டையைக் கிழித்து வைத்துக்கொண்டு, நம்பரை மனுவிலும் எழுத வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்குள் மார்ச் பிறந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மலையில் வேலை தொடங்கக் கூடாதென்று தடை போட்டிருந்தது. ஏப்ரல் 1 முதல் பழைய காகித மணியார்டரையே தபால் துறை நிறுத்திவிட்டது. இனிமேல் கம்ப்யூட்டர் வழி இ-மணியார்டர்தான் என்றார்கள். 1,500 கோடி மேலும் கீழும் போய்க்கொண்டிருக்க, நான் 10 ரூபாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒருவழியாக மனு ஏற்கப்பட்டது. பதிலும் வந்தது: ஆவணம் 7 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 14 ரூபாய் அனுப்பவும்.

7 ரூபாய்க்கு ஒரு போஸ்டல் ஆர்டர் உண்டு. இரண்டு வாங்கினால் கணக்கு கச்சிதமாகப் பொருந்தும். பெருமையாகக் கேட்டேன். "ஏழு ரூபா ஸ்டாக் இல்ல சார், இருபதா வாங்கிக்கங்க" என்றார் அந்த அம்மா. ஆறு ரூபாய் வீணாகுமே என்று யோசித்தேன். பத்தும், இரண்டு இரண்டும் கிடைக்குமா என்று கேட்பதற்குள் பின்னால் இருந்தவர் பாஸ்புத்தகத்தை என் தோளுக்கு மேலாக நீட்டிவிட்டார்.