தூரத்து அக்கறை வாழ்க!

மன்னாரில் பிள்ளை பெற்றவர்கள் பாக்கியசாலிகள். வழிதவறிய பிள்ளையை நீதிமன்றம் தடுத்துவைக்கச் சொன்னால், அந்த இடம் எப்படி இருக்கிறது, கூரை ஒழுகுகிறதா, ஆட்கள் நெருக்கமா என்று இந்த மாவட்டத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. இடமே இல்லை. இப்படிக் குற்றம் காண வழியில்லாத ஏற்பாட்டை வேறு எந்த அரசு செய்து கொடுக்கும்?

முதலில் நமது சட்டத்தின் பொறுமையைக் கும்பிட வேண்டும். 8 வயது நிரம்பினால் பிள்ளை குற்றவாளிக் கூண்டுக்குத் தகுதி பெறலாம் என்றது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை. பால்பல் விழுந்து முடியாத வயது. வெள்ளைக்காரன் கப்பலேறிய பிறகும் அந்த ஞானத்தைக் கைவிட மனமின்றி மொத்தம் 135 ஆண்டுகள் பேணிக் காத்தார்கள். 2018இல்தான் அது 12 ஆனது. சிறுவர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை 1991இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டோம் அல்லவா? ஏற்றுக்கொண்ட பிறகு எதற்கு அவசரம்?

அடுத்தது நமது கரையோரத்தின் கூர்மையான கண். தலைமன்னாரிலிருந்து சிலாவத்துறைவரை இந்தக் கடற்கரைக்குக் கேரளக் கஞ்சா வந்து சேருவது புதிய செய்தியல்ல. பொதி யாருடையது, படகுக்குக் காசு போட்டவர் யார் என்பது எவருக்கும் தெரியாது. அதைத் தோளில் சுமந்து கரையேறிய பையன் யாரென்று மட்டும் விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். திமிங்கிலத்தை விட்டு நெத்தலியை மட்டும் பிடிக்கும் வலையை எந்த மீனவனும் இதுவரை பின்னியதில்லை. அதைப் பின்னிய அதிகாரிகளின் கைவண்ணத்துக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

பிடிபட்டவனை என்ன செய்வது? வடக்கில், நீதிமன்றம் அனுப்பும் ஆண்பிள்ளைகளை வைத்திருக்கும் அரச சான்றுபெற்ற பாடசாலை அச்சுவேலியில் இருக்கிறது. மன்னாரிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். தடுத்துவைக்கும் இடங்கள் சிறியவையாக, பல ஊர்களில் பரவலாக, குடும்பம் எளிதாக வந்துபோகக் கூடியவையாக இருக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1990இல் விதி வகுத்தது. பாவம், அவர்களுக்கு மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-32 வீதியின் அழகு தெரியாது.

பேசாலையில் கருவாடு காயப்போடும் ஒரு தாய் மகனைப் பார்க்கப் புறப்படுகிறாள் என்று வையுங்கள். இருட்டோடு எழுந்து மன்னார் பஸ். அங்கே இறங்கி யாழ்ப்பாண பஸ். விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் என்று பாதி வடக்கையும் சுற்றிக் காட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இறங்கி அச்சுவேலிக்கு இன்னொரு பஸ். மடியில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் ஒரு சாறம், ஒரு சவர்க்காரக் கட்டி, ஒரு பிஸ்கற் பக்கெற். மகனைப் பார்ப்பது சிறிது நேரம். போக்குவரத்து முழு நாள். போனது ஒரு நாள் கூலியும் பஸ் காசும்தான். அடுத்த முறை கடன் வாங்கிப் போவாள். அதற்கடுத்த முறை போகமாட்டாள். பெற்றோரின் தொல்லையில்லாமல் பிள்ளையைத் திருத்த இதைவிட நல்ல வழி உண்டா?

பிள்ளைக்கும் பயணத்தில் குறை வைக்கவில்லை. வழக்கு மன்னாரில், படுக்கை அச்சுவேலியில். ஒவ்வொரு தவணைக்கும் அதே வீதி. நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை ஆயத்தமில்லை என்றால் இன்னொரு தவணை, இன்னொரு சுற்றுலா. இதற்கிடையில் சாதாரண தரப் பரீட்சை வந்து போயிருந்தால் அது பரீட்சைத் திணைக்களத்தின் அவசரம்.

சமத்துவத்தையும் சொல்லியாக வேண்டும். குற்றம் செய்த பிள்ளையும், பராமரிக்க ஆளில்லாத பிள்ளையும், தாய்தகப்பனுக்கு அடங்காத பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் போய்ச் சேர 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. அநாதையாய் இருப்பதும் ஆட்டைத் திருடுவதும் ஒன்றே என்று பார்க்க எத்தனை பரந்த மனம் வேண்டும்!

இத்தனைக்கும் மன்னார் வசதியற்ற தீவு அல்ல. தெருவில் அலையும் கழுதைகளுக்கு இங்கேயே ஒரு சிகிச்சை நிலையம் உண்டு. ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிறது. கடற்கரையில் 'தம்பபவனி'யின் முப்பது காற்றாலைகள் 103.5 மெகாவாற்றுக்குச் சுழல்கின்றன. அவற்றை நட நிலம் கிடைத்தது. எங்கள் காற்று மின்சாரமாகித் தெற்கே போகிறது. எங்கள் பிள்ளை வடக்கே போகிறான். யாரிடம் முறையிடுவது? நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மாகாண சபையின் பொறுப்பு. வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. கேள்வி கேட்கவும் ஆளில்லை, பதில் சொல்லவும் ஆளில்லை. நிர்வாகத்துக்கு இதைவிட நிம்மதி எது?

ஓரிடத்தில் மட்டும் புகழ நா எழவில்லை. 2023 நவம்பர் இறுதியில் கல்முனையிலுள்ள சிறுவர் நன்னடத்தை நிலையத்தில் தடுத்துவைக்கப்பட்டிருந்த சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அவனைத் தாக்கிய சந்தேகத்தில் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அவனை அங்கே அனுப்பியது நீதிமன்றம்.

ஆகவே பெரியோர்களே, உங்கள் அக்கறை கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருப்பதால்தான் இவ்வளவு அழகாகத் தெரிகிறது. அதைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவாருங்கள். மன்னாரில் ஒரு சிறிய இல்லம், குறித்த தவணைக்கு அறிக்கை எழுதி முடிக்கப் போதுமான நன்னடத்தை உத்தியோகத்தர்கள், பெற்றோர் பொறுப்பெடுக்கக் கூடிய பிள்ளையை வீட்டிலேயே வைத்துத் திருத்தும் வழக்கம். இந்த மூன்றும் வந்த அன்று, மேலே எழுதிய புகழ் முழுவதையும் நிபந்தனையின்றி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.