மதிலுக்கு வெளியே ஒரு ‘இன்ஹவுஸ்’

“கட்டிங், அப்பர் தையல், லாஸ்டிங், பேக்கிங் எல்லாமே இன்ஹவுஸ்” என்று எங்கள் பக்கத்து ஷூ கம்பெனிகளில் பெருமையாகச் சொல்வார்கள். வெளியாளிடம் கொடுக்காமல் தங்கள் மதிலுக்குள், தங்கள் ஆட்களை வைத்தே செய்கிறோம் என்று அர்த்தம். நாட்றம்பள்ளியில் அந்த வேலையில் ஒரு பங்கு எங்கள் அத்தை வீட்டுத் திண்ணையில் நடந்தது.

1970-களில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, பாதி பதப்படுத்திய தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. தோலை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த ஆம்பூர், வாணியம்பாடி பகுதி படிப்படியாக ஷூ தைக்கத் தொடங்கியது. மொக்காசின் வகை ஷூவுக்கு முன்பக்கம் சுருக்கம் வைத்துக் கையால் தைக்க வேண்டும். அதற்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள்.

ஏஜென்ட் டி.வி.எஸ். 50-யில் மூட்டையை இறக்கிவிட்டுப் போவார். அத்தை விரலில் துணி சுற்றிக்கொண்டு, மெழுகு நூலை இரண்டு பக்கமும் இழுத்து இறுக்குவார். நூல் அறுக்காமல் இருக்கத்தான் அந்தத் துணி, இருந்தும் அறுக்கும். சோறு வடிக்க எழுந்துபோவார், திரும்பிவந்து விட்ட துளையிலிருந்து தொடர்வார். கூலி ஜோடிக் கணக்கு. தையல் கோணினால் அந்த ஜோடிக்குக் காசு கிடையாது. எந்தக் கம்பெனிக்குத் தைக்கிறோம் என்பதும் தெரியாது.

1996-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வீட்டிலிருந்து வேலை செய்பவரையும் மற்றத் தொழிலாளிக்குச் சமமாக நடத்தச் சொல்லும் 177-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்கவில்லை. ஆகஸ்டில், பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவுநீருக்குத் தொழிற்சாலைகளே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதிலைத் தாண்டி வந்த தண்ணீருக்குப் பொறுப்பு உண்டென்றால், மதிலைத் தாண்டி வந்த வேலைக்கும் உண்டு என்பதே என் கட்சி.

இப்போது விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் ஊருக்குள் வந்துவிடுகின்றன. அத்தை மகளும் அதில்தான் போகிறாள். அத்தை போட்ட அதே கைத்தையல்தான். ஆனால் மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. அத்தையின் மரத்த விரல்களுக்கும் கழுத்து வலிக்கும் இன்று மருந்து கிடைப்பது அந்த இ.எஸ்.ஐ.யில்தான். தைத்துத் தேய்ந்த தொழிலாளியாக அல்ல, மகளைச் சார்ந்து வாழும் தாயாக அவர் அதில் பதிவாகியிருக்கிறார். ஒரு கம்பெனிப் பதிவேட்டிலாவது அவர் பெயர் ஏறியிருந்தால் இந்த வைத்தியம் அவருடைய சொந்த உரிமையாக இருந்திருக்கும். வீட்டில் தைக்கும் பெண்கள் இந்த வட்டாரத்தில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரையாவது இப்போதே எழுதுங்கள்.