யாரும் போகாத ஊர்

கிறிஸ்துமஸ் மரத்தை வாசலில் தூக்கிப் போட்ட கையோடு, இங்கிலாந்தில் ஒரு வகை மனிதர் ஆகஸ்டு விடுமுறைக்கு இடம் தேட உட்கார்ந்துவிடுவார். பிற்பகல் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஜனவரி. சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு வரைபடம் விரிந்திருக்கும். இவரைத் துரை என்றே அழைப்போம். பெயர் எதுவானாலும் ஆள் ஒருவர்தான். ஐம்பதைத் தொட்ட வயது, நல்ல உத்தியோகம், ஒரு துரைசானி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர், ஒரு லாப்ரடார் நாய். ஸ்பெயினுக்குப் பறக்கப் பணமில்லாமல் இல்லை. ஆனால் அங்கே போனால் அவர் சுற்றுலாப் பயணி ஆகிவிடுவார். அந்தப் பெயர் ஒட்டாமல் ஊர் சுற்ற வேண்டும் என்பதுதான் துரையின் வாழ்நாள் கவலை.

அவர் கேட்பது அதிகமில்லை. கடல் வேண்டும், கூட்டம் கூடாது. நடக்கிற தூரத்தில் பழைய பப் ஒன்றும் நல்ல மீன் வறுவல் கடை ஒன்றும் வேண்டும், ஆனால் அவற்றைப் பற்றி வேறு எவனும் கேள்விப்பட்டிருக்கக் கூடாது. ஏழு கோடிக்குச் சற்றே குறைந்த ஜனங்கள் நெருக்கியடிக்கும் தீவு பிரிட்டன். எங்கே நின்றாலும் கடல் சுமார் 70 மைலுக்குள் வந்துவிடும். அத்தனை பேர் கண்ணுக்கும் தப்பிய ஒரு கடற்கரை தனக்காகவே காத்திருப்பதாகத் துரை மனப்பூர்வமாக நம்புகிறார்.

நம்பிக்கைக்கு ஆதாரம் அந்த வரைபடம். பிரெஞ்சுக்காரன் வந்து இறங்கிவிடுவானோ என்ற பயம் இருந்த காலத்தில், 1791-ல், ராணுவத்துக்காகத் தொடங்கிய அளவைத் துறைதான் ஆர்ட்னன்ஸ் சர்வே. இன்று அதன் ஆரஞ்சு அட்டை வரைபடங்கள் 403 தாள்களில் மொத்தத் தீவையும் அடக்கிவிடுகின்றன. கிலோமீட்டருக்கு நாலு சென்டிமீட்டர். வயல் வேலி தெரியும், பப் எங்கே என்பதும் தெரியும். கைபேசியில் பார்த்தால் ஆகாதா என்று துரையிடம் கேட்டுவிடாதீர்கள். அதை எல்லோரும்தான் பார்க்கிறார்களே!

இனி கழித்துக்கட்டும் படலம். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் அத்தை குறை கண்டுபிடிக்கிற அதே சிரத்தையோடு நடக்கும். முதலில் விழுவது கார்ன்வால். ஆகஸ்டில் லண்டனே அங்கேதான் இருக்குமாம். போகிற வழியில் ஏ303 சாலை ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பக்கத்தில் குறுகிவிடும். நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டாக நகராத கல்லை, ஒரு மணி நேரமாக நகராத காரிலிருந்து குடும்பத்தோடு தரிசிக்கலாம். செயின்ட் ஐவ்ஸில் வாங்கின சிப்ஸைக் கடற்காகம் வந்து கையோடு பறித்துப் போகும். பக்கத்து டெவன் இன்னும் ஆபத்து: ஸ்கோனில் முதலில் கிரீம், அதன் மேல் ஜாம் என்பது டெவன்காரர் சம்பிரதாயம், கார்ன்வாலில் அது தலைகீழ். மாற்றித் தடவினால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், பார்ப்பார்கள். இங்கிலீஷ்காரருக்கு அந்தப் பார்வையைவிட அடி வாங்குவது மேல்.

வெஸ்டன்-சூப்பர்-மேரில் கடல் இருக்கிறது, நாம் போகிற நேரத்தில் இருக்காது. பிரிஸ்டல் கால்வாயின் ஓதம் உலகத்திலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. வற்றும்போது ஒரு மைலுக்கு வெறும் சேறுதான்.

ஏரி மாவட்டம் என்றதும் துரைசானி வாய் திறப்பார். "நனையத்தான் வேண்டுமென்றால் வீட்டிலேயே குளியலறை இருக்கிறதே." பேச்சில் நியாயம் உண்டு. அங்கே சீத்வெயிட் என்ற சின்னஞ்சிறு ஊரில் வருஷத்துக்கு மூன்று மீட்டருக்கு மேல் மழை கொட்டும். துரைக்கு மட்டும் அந்தப் பக்கம் ஒரு பக்தி, காரணம் வேர்ட்ஸ்வொர்த். கவிதைக்காக என்று நினைக்காதீர்கள். 1844-ல் விண்டர்மியருக்கு ரயில் விடப் போகிறார்கள் என்றதும், தொழிலாளர் கூட்டம் வண்டி வண்டியாக வந்து இறங்கி அமைதியைக் கெடுத்துவிடும் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதி எதிர்த்த மகான் அவர். அதே மகான்தான் ஏரிகளைச் சுற்றிப் பார்ப்பதற்கு வழிகாட்டி நூலும் எழுதியவர். 1810-ல் முதலில் அச்சான அது, அவர் காலத்திலேயே பல பதிப்பு கண்டது. வாருங்கள் என்று புத்தகம் போட்டுவிட்டு, ஏன் வந்தீர்கள் என்று கடிதம் போட்டார். ரயில் 1847-ல் வந்தே விட்டது. துரையின் வம்சத்துக்கு மூலபுருஷர் இவர்தான்.

பிளாக்பூலும் ஸ்கெக்னஸும் பட்டியலிலேயே ஏறாது. லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளிகள் கூடிக் களித்த ஊர் பிளாக்பூல். 1894-ல் கட்டிய கோபுரத்தின் மேல் ஏறினாலே பாதிக் கவலை போய்விடும். ஸ்கெக்னஸ் இன்னும் நேர்மை. அங்கே அடிக்கிற குளிர்காற்றையே உடம்புக்கு நல்லது என்று 1908-ல் சுவரொட்டி அடித்து ஆள் கூட்டினார்கள். என்னைக் கேட்டால், இந்த ஊர்களுக்குப் போகிறவர்கள்தாம் உண்மையிலேயே விடுமுறைக்குப் போகிறவர்கள். துரை போவது ஆராய்ச்சிக்கு.

கடைசியில் நார்தம்பர்லாந்து மிஞ்சும். "இன்னும் யாருக்கும் தெரியாது" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார், நாடு முழுக்க அதே ஜனவரியில் மற்ற துரைகளும் சொல்வதுபோல. கடல்நீர் ஆகஸ்டிலும் 15 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும் என்பது அவருக்குக் குறையாகப் படுவதில்லை. லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலை நாளைக்கு இரண்டு முறை கடலுக்குள் மூழ்கும். நேரம் பார்க்காமல் போய்க் காரோடு மாட்டிக்கொள்கிறவர்கள் எப்போதும் உண்டு. துரை ஓத அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் நாய்க்குச் சோறு வைப்பார்.

வாடகை விஷயத்திலும் கணக்கு நடக்கும். பள்ளி மூடியதும் குடில் வாடகை விறுவிறுவென ஏறிவிடும். திறந்திருக்கும்போதே பிள்ளைகளை அழைத்துப் போனால், ஒரு பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்கு 80 பவுண்டு அபராதம். இரண்டு பேருக்கு இரண்டு பிள்ளைகள், 320. அபராதம் கட்டினாலும் லாபம்தான் என்று காகிதத்தில் எழுதிப் பார்ப்பார். பிறகு வெட்கப்பட்டு அடித்துவிடுவார்.

இத்தனைக்கும் பிறகு இடத்தைத் தீர்மானிப்பது நாய். நிறையக் கடற்கரைகளில் மே முதல் செப்டம்பர் வரை நாய்க்கு அனுமதி இல்லை. அனுமதி உள்ள கரை, நாயை ஏற்கும் வீடு, வேலி போட்ட தோட்டம் என்று சலித்தெடுத்தால் இரண்டு மூன்று தேறும். அவற்றையும் போன ஆகஸ்டில் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போதே அடுத்த வருஷத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். யாரோ ரத்துசெய்த வீடு ஒன்று மே மாதம் கிடைக்கும். சனிக்கிழமை நாலு மணிக்கு முன்னால் கதவு திறக்காது; துரை மூன்றரைக்கே மழையில் வாசலில் நிற்பார்.

உங்கள் பக்கத்து வீட்டில் இப்படி ஒரு துரை இருந்தால், விடுமுறை எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். கேட்டால் மாவட்டத்தின் பெயரைச் சொல்வார், அதுவும் பக்கத்து மாவட்டமாக இருக்கும்.