பாதிப்போர்வையார்

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள், பாடியவரின் இயற்பெயர் தெரியாதபோது அவருடைய பாட்டில் வந்த தொடரையே அவருக்குப் பெயராகச் சூட்டி, செம்புலப்பெயல்நீரார் என்றும் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றும் வழங்கினர். அந்த முறையைப் பின்பற்றினால், மரக்காணம் உப்பளக் கரையோர ஊர்களில் தெருவுக்கு ஒருவராவது காணக்கிடைக்கும் ஒரு வகை மூதாட்டியைப் பாதிப்போர்வையார் என்று அழைப்பதே பொருத்தமாகும். நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுவதால், உப்போடு பட்டப்பெயரும் இம்மண்ணின் பழைய விளைபொருளே எனலாம்.

ஒட்டுப்போர்வை மூன்று அடுக்குகளால் ஆனது. பல நிறத் துணித்துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்த மேல்துணி முதல் அடுக்கு. பழம்புடவையோ இலவம்பஞ்சோ கொண்ட நிரப்பு இரண்டாம் அடுக்கு. கிழிசலில்லாமல் ஒரே துண்டாக விரியும் அடித்துணி மூன்றாவது. இம்மூன்றையும் ஒருசேரப் பிடித்து ஊடுருவிச் செல்லும் நெருக்கமான ஓட்டுத்தையல்தான் துணிக்குவியலைப் போர்வையாக்குகிறது. பாதிப்போர்வையார் முதல் அடுக்கில் ஈடு இணையற்றவர். மற்ற இரண்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்.

எல்லா நாட்டு ஒட்டுப்போர்வைகளும் இப்படிப் பாதியில் நிற்க இடங்கொடுப்பதில்லை. பிறந்த குழந்தைக்காகத் தமிழ் வீடுகளில் பழைய நூல்புடவைகளை மடித்து அடுக்கி விளிம்பைச் சுற்றித் தைக்கும் சிறுமெத்தைக்குத் தனியே மேல்துணியே கிடையாது. அது இரண்டு பகற்பொழுதில் முடிந்து, மூன்றாம் நாளே நனைந்தும் விடும். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்னும் போர்வையில், அடித்துணியின்மீது ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே போவதால், பாதியில் நிறுத்தினால் நடுவில் ஒரு வெற்றிடம் வாயைத் திறந்துகொண்டு வீட்டாரைப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு அஞ்சியாவது முடித்துவிட வேண்டும். வங்காளத்துக் காந்தாவிலும் அடுக்குகள் எல்லாம் ஒரே ஊசிக்கு ஒருசேர ஆட்படுகின்றன. மேல்துணியைத் தனியே தைக்கும் முறை ஒன்றுதான், ஓய்வெடுப்பதற்கு மானமுள்ள ஓர் இடத்தை நடுவழியில் அமைத்துக் கொடுத்திருக்கிறது. பாதிப்போர்வையார் அந்த முறையைத் தேர்ந்தது தற்செயல் என்று நம்புவது கடினம்.

இந்நிலைக்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வோர் உப்பளத்தின் ஆண்டுக்கணக்கை அறியாதவர்கள். கடல்நீரில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான் உப்பு. உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிப் பாய்ச்சி, வெயிலிலும் காற்றிலும் வற்றவைத்து, நீரின் அடர்த்தியை அளக்கும் போமே அளவியில் 25 பாகையை எட்டும்படி கெட்டியாக்கிய பிறகே உப்பு படியத் தொடங்கும் என்பதால், இத்தொழில் முழுக்க வெயிலுக்குக் கட்டுப்பட்டது. தை மாதத்தில் மழைச்சேற்றை அள்ளி, வரப்பைச் சீர்செய்து, பாத்தித் தரையைக் காலால் மிதித்து இறுக்கும் வேலை தொடங்கினால், வாரிய உப்பைப் பெண்கள் தலைச்சுமையாகக் கரையேற்றிக் குவிக்கும் வேலை வரை வெயில் உள்ள மாதமெல்லாம் ஓய்வில்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் மூழ்கிப் பிழைப்பு நின்றுவிடுகிறது. அந்த வெறுமையான மாதங்களுக்காகவே தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வழங்குகிறது. அதே பருவத்தில் தீபாவளியும் வந்து தையற்கடை மூலைகளில் வெட்டுத்துணியைக் குவித்து வைக்கிறது. வேலையற்ற கையும் விலையற்ற துணியும் ஒரே மாதத்தில் சந்தித்துக்கொள்ளும்போது, புதிய ஒட்டுப்போர்வை ஒன்று தொடங்கப்படுவதைத் தடுத்து நிறுத்த எந்த அரசாலும் இயலாது.

தொடங்கிய மேல்துணி பெரும்பாலும் மார்கழி முடிவதற்குள் தயாராகிவிடும் என்பதும் உண்மை. அடுத்து, மூன்று அடுக்கையும் சுருக்கமில்லாமல் விரித்து, மூலைகளில் கல் வைத்து நிறுத்தி, குனிந்தபடியே நகர்ந்து தைப்பதற்கு ஆள் படுக்குமளவு காய்ந்த தரை வேண்டும். மழைக்காலத்தில் கடற்கரை ஊர் வீட்டில் காய்ந்த தரை என்பது அரிசி மூட்டைக்கும் அடுப்புக்கும் ஆட்டுக்குட்டிக்கும் போக ஒரு முழம் மிஞ்சினால் அதிகம். தரை காய்கிற மாதத்திலோ போர்வையார் அளத்தில் நிற்கிறார். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று மற்ற ஊரார் மகிழ்ந்திருக்கும் அந்த நாளில்தான் இவருடைய போர்வைக்கு வழி அடைபடுகிறது. இதன் தருக்கம் வீட்டுக்குள் ஒவ்வோர் ஐப்பசியிலும் மீண்டும் விவாதிக்கப்படுகிறது.

“ஏன் அத்தை, இந்த மழைக்காச்சும் ஒண்ணு முடிச்சிடுவீங்களா?”

“மழை உட்டா முடிச்சிடலாம்மா.”

“மழை உட்டா அளத்துக்குப் போயிடுவீங்களே?”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

இவ்வாறு நிறுத்தப்பட்டவை சென்று சேரும் இடம் கட்டைப்பை. துணிக்கடையில் பெரிய தொகைக்குப் புடவை எடுப்போருக்கு, கடையின் பெயரை அச்சிட்டுக் கைப்பிடியில் கட்டை கோத்துக் கொடுக்கப்படும் பை இது. வீட்டின் திருமணங்கள் எத்தனை என்பதைப் பரணில் உள்ள கட்டைப்பைகளை எண்ணிச் சொல்லிவிடலாம். ஒரு பைக்கு இரண்டு அல்லது மூன்று மேல்துணி என்பது வழக்கமான கொள்ளளவு.

முடிந்த போர்வை தன் முதுகை அடித்துணியால் மறைத்துக்கொள்கிறது. முடியாத மேல்துணியைத் திருப்பினால் தையல், முடிச்சு, தப்பாக வெட்டி ஒட்டிய இடம் எல்லாம் வெளிப்படையாகத் தெரிவதால், ஆராய்ச்சிக்கு அதைவிட நேர்மையான ஆவணம் கிடைப்பதரிது. இங்கிலாந்தில் பழைய கடிதங்களையும் செய்தித்தாள்களையும் அறுகோணமாக வெட்டி, அவற்றின்மேல் துணியை மடித்துத் தைத்து, வேலை முடியும்போது தாளை உருவிவிடும் முறை இருந்தது. முடியாமற்போன மேல்துணிகளில் தாள் அப்படியே தங்கிவிட்டதால், அதில் உள்ள தேதியைப் படித்து அத்துணியின் காலத்தைக் கணிக்கிறார்கள். மரக்காணத்தில் தாள் இல்லை, துரு இருக்கிறது. உப்புக்காற்றில் ஊசி விரைவில் சொரசொரத்துப் போகும் என்பதால், போர்வையார் அதைக் காதோரத்து முடியில் இரண்டு தடவை தேய்த்து எண்ணெயேற்றிய பின்பே துணியில் குத்துவார். நிறுத்தும்போதோ, “நாளைக்குத்தானே” என்று ஊசியைத் துணியிலேயே செருகிவைத்துவிடுவார். அந்த நாளை அடுத்த ஐப்பசியில் வருவதற்குள் ஊசி துருப்பிடித்து, உருவினால் பாதியாக ஒடிந்து, துணியில் ஒரு பழுப்பு வட்டத்தை விட்டுச்செல்லும். அடிமரத்தின் வளையங்களை எண்ணுவது போல இந்த வட்டங்களை எண்ணினால், ஒரு மேல்துணி எத்தனை மழைக்காலம் எடுக்கப்பட்டு மீண்டும் வைக்கப்பட்டது என்பதைத் திருத்தமாகச் சொல்லிவிட முடியும்.

துணித்துண்டுகளும் சாட்சி சொல்லக்கூடியவை. பொங்கலுக்கு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச வேட்டி சேலை வழங்கும் திட்டம் 1983இல் தொடங்கியது. அவ்வகைச் சேலை ஒன்று மேல்துணியின் நடுவில் இருந்தால், அதன் கரையைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்த ஆட்சியில் வந்தது என்று தெருப்பெண்கள் சொல்லிவிடுவார்கள். தேர்தல் முடிந்த வாரத்தில் மின்கம்பங்களிலிருந்து விடுதலை பெறும் கொடித்துணி இன்னொரு முக்கிய மூலப்பொருள். எந்தக் கட்சியின் நிறத்தையும் எந்தக் கட்சியின் நிறத்தோடும் போர்வையார் தயக்கமின்றி இணைப்பார். அவர் தைத்து முடித்துப் பல ஆண்டுகள் கழித்து அந்தக் கட்சிகள் உண்மையாகவே கூட்டணி அமைத்துக்கொண்டதும் உண்டு. கொடித்துணியின் ஒரே குறை சாயம் நிற்காது என்பது. அதைக் குறை என்று சொல்ல அரசியலைச் சேர்ந்த எவருக்கும் உரிமையில்லை.

மேல்துணி முற்றிலும் பயனற்றுக் கிடக்கிறது என்றும் கூறிவிட முடியாது. உப்புக் கூடையைத் தலையில் ஏற்றும் முன், பாரம் உச்சியில் அழுத்தாதிருக்கத் துணியை வளையமாகச் சுருட்டி வைப்பதற்குச் சும்மாடு என்று பெயர். அவசரத்துக்குச் சும்மாட்டுத் துணி அகப்படாத நாளில் மகளோ மருமகளோ கட்டைப்பைக்குள் கையைவிட்டு அகப்பட்டதை எடுத்துப் போவதுண்டு. மாலையில் அது உவர்நீர் ஏறி, காய்ந்து, அப்பளமாக விறைத்துத் திரும்பும். இதனால் மனம் நொந்த போர்வையார் அந்த மேல்துணியை மேற்கொண்டு தைக்க மறுத்துவிடுவார். மறுப்பதற்கு முன் அவர் அதைத் தைத்துக்கொண்டிருந்தாரா என்று கேட்பது பண்பாடன்று.

ஒவ்வொரு மேல்துணிக்கும் அது நின்றுபோன கதை ஒன்று உண்டு. போர்வை வளராவிட்டாலும் கதை ஆண்டுதோறும் வளர்ந்து வருகிறது. மூத்த மகளின் வளைகாப்பின்போது பேரக்குழந்தைக்காகத் தொடங்கப்பட்டது ஒன்று. அந்தக் குழந்தை இப்போது திண்டிவனத்துக்குப் பேருந்தேறிக் கல்லூரிக்குப் போய்வருகிறது. குழந்தைக்குத்தான் தைக்கிறேன் என்ற வாக்கு இன்னும் பொய்யாகவில்லை, அது ஒரு தலைமுறை தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில், அடுத்த வரிசைக்கென்று எடுத்துவைத்திருந்த நீலத்துணி காற்றோடு போய்விட்டதால் நின்றது இன்னொன்று. அதே நீலம் இன்றுவரை எந்தக் கடையிலும் வரவில்லை என்பது போர்வையாரின் வாதம், நீலம் என்றால் நீலந்தானே என்பது வீட்டாரின் எதிர்வாதம். மூன்றாவதன் வரலாறு சிக்கலானது. 2020 நவம்பரில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் அருகே கரையேறிய நிவர் புயலின்போது, போர்வையாரின் கணவர் விரும்பி உடுத்திய கட்டம் போட்ட லுங்கி கொடியிலிருந்து பறந்துபோனதாக அறிவிக்கப்பட்டது. சில மாதங்கள் கழித்து அது மேல்துணியின் நான்காம் வரிசையில், ஒரே அளவுச் சதுரங்களாகக் கண்டெடுக்கப்பட்டது. புயலே அதை அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கலாம் என்ற விளக்கத்தைக் கணவர் மறுக்கவில்லை, மறுத்துப் பழக்கமுமில்லை. 2024 நவம்பர் 30 அன்று வந்த பெஞ்சல் புயல் எந்த மேல்துணியை நிறுத்தியது என்பது இன்னும் முடிவாகவில்லை. கதை இப்போதுதான் உருவாகிவருகிறது.

இக்கதைகளுக்குப் பின்னால் எவரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. மகள் இரண்டு, மருமகள் இரண்டு உள்ள வீட்டில் ஒரு போர்வை முடிந்துவிட்டால் அது ஒருத்தியின் கைக்குப் போயாக வேண்டும். போன மறுநாளே மற்ற மூன்று பேரின் முகமும் மாறிவிடும். முடியாத மேல்துணியோ நால்வருக்கும் ஒரே நேரத்தில் சொந்தம். பெரியவள் குழம்பு கொண்டுவந்தால், “உனக்குத்தாம்மா இந்தச் செவப்பு” என்று விரித்துக் காட்டலாம். சின்னவள் காலைப் பிடித்துவிட்டால், அதே செவப்பை அவளுக்கும் காட்டலாம். முடிவைத் தள்ளிவைத்தே அமைதி காக்கும் இவ்வித்தையை நாடுகள் பெரும்பொருட்செலவில் மாநாடு கூட்டிச் செய்கின்றன. இங்கே செலவு ஒரு நூற்கண்டு.

முடித்தே தீரும் தொழில்களையும் இக்கரை கண்டதுண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்புக் கூடம் மீனவப் பெண்களுக்குத் துணித்துண்டுகளைக் கொண்டு உள்ளங்கையில் அடங்கும் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா என்னும் அந்தப் பொம்மை விலைக்கு விற்கப்படாமல் பரிசாகவே நாடுநாடாகச் சென்றது. அலையில் அனைத்தையும் இழந்தவர்களுக்குக் கைவேலையும் மனத்துக்கு ஒரு பிடிப்பும் கொடுத்த நல்ல முயற்சி அது. பாதிப்போர்வையார் அதன் அழகை ஒப்புக்கொள்கிறார். ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துபோகிற வேலையில் நாளைக்கு என்ன மிஞ்சும் என்று கேட்கிறார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பளத்தைப் படமெடுக்க இறங்கும் பயணியர் சிலர், திண்ணையில் காயும் மேல்துணியைக் கண்டு வியந்து விலை கேட்பதுண்டு. முடியாததை விற்பதா என்று போர்வையார் அதிர்ச்சி அடைவார். முடிந்திருந்தால் விற்பாரா என்றால், அது முடியட்டும், பார்க்கலாம் என்பார். அமெரிக்காவின் லிங்கன் நகரில், 1997இல் தொடங்கப்பட்டு, ஒட்டுப்போர்வைகளுக்கென்றே நடக்கும் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது என்று அவர்களுள் விவரம் தெரிந்த பெண் ஒருத்தி எடுத்துச் சொன்னால், அதன் பெருமை, பரப்பு, பழமை எதையும் விசாரிக்காமல், “அங்கல்லாம் தரை காஞ்சி கெடக்குமா கண்ணு?” என்று ஒன்றை மட்டும் கேட்டுவைப்பார். அவள் சிரித்துக்கொண்டே பதில் தேடும் நேரத்தில், அவள் தோளில் கிடக்கும் துப்பட்டா தானே புயலோடு போன அதே நீலம் என்பதைக் கண்டுகொண்டு, அதன் ஓரம் எந்த இடத்தில் நைந்திருக்கிறது, இன்னும் எத்தனை துவைப்புக்குத் தாங்கும் என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.